ஏ2 வரை படித்து மறந்துபோன ஜெர்மன்: எட்டு வாரத்தில் தூசி தட்ட எதை வாங்குவது?

கடலைமிட்டாய் கேட்டது:

வணக்கம். ஜெர்மனில் ஏ2 (ஏ1-க்கு அடுத்த, இரண்டாவது அடிப்படை நிலை) முடித்து ஆறு வருடம் ஆகிறது. செப்டம்பரில் மூன்று வாரம் பெர்லின், கொலோன், மியூனிக் போகிறேன். தினம் 45 நிமிடம் ஒதுக்க முடியும். கையில் இருப்பவை மூன்று: வகுப்பில் தந்த பாடநூல், பழைய புத்தகக் கடையில் எடுத்த "முப்பது நாளில் ஜெர்மன்" வகைத் தமிழ்வழிப் புத்தகம், போனில் ஒரு ஆப். தேர்வு எதுவும் எழுதப் போவதில்லை. ரயில், ஹோட்டல், சாப்பாட்டுக் கடையில் சமாளித்தால் போதும். பாடநூலை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாமா, புதிதாக ஏதாவது வாங்கலாமா?

தண்டவாளம்:

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம். முதல் நாலு பாடமும் பார்த்த முகம்போல இருக்கும், "எல்லாம் தெரியுது" என்று தோன்றும், அதிலேயே மூன்று வாரம் போய்விடும். பார்த்தால் தெரிவது வேறு, கேட்டவுடன் வாயில் வருவது வேறு. ஒவ்வொரு பாடத்தின் கடைசிப் பயிற்சியை மட்டும் விடையை மூடிவைத்து எழுதுங்கள். எந்தப் பாடத்தில் பத்துக்கு ஆறுக்குக் கீழே இறங்குகிறதோ, அங்கிருந்து இரண்டு பாடம் பின்னால் போய் ஆரம்பியுங்கள்.

காசு செலவு பண்ண அவசியமே இல்லை. ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்ச வெல்லயின் "நீகோஸ் வேக்" என்ற வீடியோ பாடத்தொடர் இலவசம். ஏ1, ஏ2, பி1 மூன்று நிலைக்கும் குட்டிக் குட்டி வீடியோ, பயிற்சி, உரையாடலின் எழுத்து வடிவம் எல்லாம் உண்டு. அதை முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள், பாடநூல் சந்தேகம் வந்தால் புரட்ட. ஆனால் சீரியல் பார்ப்பதுபோல் பார்த்தால் ஒன்றும் ஒட்டாது. முதல் தடவை எழுத்து இல்லாமல் கேளுங்கள். இரண்டாவது தடவை காதில் விழுந்ததை எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, தவறவிட்ட வாக்கியங்களை மட்டும் கூடவே சேர்ந்து ஐந்து முறை சொல்லுங்கள். மூன்று நிமிட வீடியோவுக்கு 25 நிமிடம் பிடிக்கும், அதுதான் சரியான வேகம்.

பழைய புத்தகத்தில் "டஸ்" (dass, நம் "என்று" போல) என்ற இணைப்புச் சொல்லைத் தேடிப் பாருங்கள். கடைசியில் இரண்டு எஸ் இருந்தால் பரவாயில்லை. பீட்டா மாதிரி ஒற்றை எழுத்து (ß) இருந்தால் அது 1996 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய எழுத்துமுறை. விலையெல்லாம் யூரோவுக்கு முந்தைய நாணயமான மார்க்கில் இருந்தால் 2002-க்கு முந்தைய சரக்கு. இலக்கணத்துக்கு ஆகும், உரையாடலுக்கு ஆகாது.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு போட்ட புத்தகத்தை அலமாரியிலேயே வையுங்கள். நம் எழுத்தில் ப ஒன்றுதான். "பாக்கன்" என்று எழுதியிருந்தால் அது பெட்டி கட்டுவதா, கேக் சுடுவதா? ஜெர்மனில் இரண்டும் வேறு சொல். ஒருதடவை கண்ணில் பதிந்தால் வாயிலிருந்து எடுப்பது கஷ்டம். குறில் நெடில் வித்தியாசம் மட்டும் நமக்குச் சுளுவாக வரும்: "ஷ்டட்" நகரம், "ஷ்டாட்" அரசு.

மிளகுரசம்:

தண்டவாளம் சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். பயணத்துக்குப் போகிறவருக்கு முதல் சிக்கல் பேசுவதில் வராது. கேள்வியை அழகாக மனப்பாடம் பண்ணிக் கேட்டுவிடுவீங்க, பதில் மழைமாதிரி கொட்டும். அதனால் முதல் இரண்டு வாரம் எண், நேரம், ரயில் அறிவிப்பு. வீடியோ தொடரெல்லாம் பிறகு.

எண்: ஒற்றை முன்னால், பத்து பின்னால். கல்லாவில் "ட்ரை ஸீபனுண்ட்ஃபியர்ட்ஸிஷ்" என்றால் 3 யூரோ 47 சென்ட். காதில் விழும் வரிசை மூன்று, ஏழு, நாற்பது. கை தானாக 3.74 என்று எழுதும். போனின் குரல் வசதியை ஜெர்மனுக்கு மாற்றி, இருபது விலையைத் தட்டி, கலைத்துப்போட்டுக் கேட்டு எழுதுங்க. தினம் ஐந்து நிமிடம், இருபதில் பதினெட்டு சரியாகும்வரை. ட்ஸ்வையும் (இரண்டு) ட்ரையும் (மூன்று) குழம்பும் என்பதால் போனிலும் அறிவிப்பிலும் இரண்டை "ட்ஸ்வோ" என்பார்கள், அதையும் சேர்த்துக்கொள்ளுங்க.

நேரம்: "ஹால்ப் ட்ரை" என்றால் மூன்றரை இல்லை, இரண்டரை. மூன்றை நோக்கிப் பாதி வழி என்று கணக்கு. ரயில் நிலையத்தில் 24 மணி நேரக் கணக்கில் சொல்வதால் அங்கே இந்த வம்பு இல்லை. யாராவது சந்திக்க நேரம் குறித்தால்தான் உஷார்.

அறிவிப்பில் கடைசி அசைவரை காதைத் தீட்டி வையுங்க. "ஃபெல்ட் ஹொய்ட்ட அவுஸ்" என்பதில் அந்த "அவுஸ்" வந்தால்தான் ரயில் ரத்து என்றே தெரியும். பெர்லினிலிருந்து கொலோன் பக்கம் போகும் ஐசிஇ அதிவேக ரயில் சில, வழியில் ஹாம் என்ற ஊரில் இரண்டாகப் பிரியும். எந்தப் பெட்டி எங்கே போகும் என்று சொல்வதைப் பிடிக்கத் தெரியணும்.

கடலைமிட்டாய்:

மூன்றரை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்! சரி, சொற்களுக்கு? ஆப்பிலேயே தொடரவா? வேற்றுமை உருபெல்லாம் சுத்தமாகப் போய்விட்டது.

நாலாம் வேற்றுமை:

ஆப்பை பஸ்ஸில் போகும்போது வைத்துக்கொள்ளுங்கள், 45 நிமிடக் கணக்கில் சேர்க்காதீர்கள். கட்டங்களைத் தட்டி வாக்கியம் அமைப்பது, வாயைத் திறந்து சொல்வதற்கு ஈடாகாது.

சொற்களுக்கு, ஜெர்மன் மொழித் தேர்வுகள் நடத்தும் கோத்தே இன்ஸ்டிடியூட்டின் ஏ2 சொற்பட்டியலை இலவசமாக இறக்கலாம். சுமார் 1300 சொல், எடுத்துக்காட்டு வாக்கியத்தோடு. அகரவரிசையில் இருப்பதால் ஏ-யிலிருந்து மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே மாலையில் முழுதும் ஓட்டி, தெரியாததை மட்டும் குறியிடுங்கள். அநேகமாக 300, 400 தேறும். அவற்றை மட்டும் ஆங்கி (Anki) என்ற மீள்பார்வை அட்டைச் செயலியில் அட்டையாக்குங்கள். முன்பக்கம் தமிழ், பின்பக்கம் பெயர்ச்சொல்லின் பாலைக் காட்டும் டேர், டீ, டஸ் (das) சேர்த்து முழு வாக்கியம். தினம் எட்டு புது அட்டை போதும். முப்பது போட்டால் மூன்றாம் வாரம் மீள்பார்வை இருநூறைத் தாண்டும், மூட்டை கட்டி வைத்துவிடுவீர்கள். பிறர் செய்த ஐயாயிரம் சொல் கட்டும் அப்படித்தான் பாதியில் நிற்கும்.

வேற்றுமையில் தமிழர் விழும் குழி ஒன்றுதான். "நகரத்துக்குப் போகிறேன்" என்பதில் நமக்கு நான்காம் வேற்றுமை. ஜெர்மனின் டாட்டிவ்தான் நான்காம் வேற்றுமை என்று பாடம் பண்ணியதால் அங்கேயும் டாட்டிவ் போட்டுவிடுவோம். ஜெர்மனில் போய்ச் சேரும் இடத்துக்கு அக்கூஸட்டிவ் (நம் இரண்டாம் வேற்றுமை), "இன் டீ ஷ்டட்". இருக்கும் இடத்துக்குத்தான் டாட்டிவ், "இன் டேர் ஷ்டட்". இன் (உள்ளே), அவுஃப் (மேலே), அன் (ஒட்டி) மூன்றுக்கும் இதைப் பழகினால் பயணத்துக்குப் போதும். பெயரடை விகுதி, கெனிட்டிவ் (நம் ஆறாம் வேற்றுமை) இரண்டையும் விட்டுத்தள்ளலாம், தப்பாகச் சொன்னாலும் சாப்பாடு வரும். "வைல்" (ஏனென்றால்) வந்தால் வினை கடைசியில், அது நம் ஊர் வழக்கமே.

மிளகுரசம்:

ஒன்று விட்டுப்போச்சு. கடையில் 79 சென்ட் என்று போட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு பில்லில் 1.04 வரும். அது 25 சென்ட் "ப்ஃபண்ட்", அதாவது பாட்டிலுக்கான வைப்புத்தொகை, காலி பாட்டிலைத் திருப்பினால் கிடைக்கும், சண்டை போடாதீங்க. சாப்பிட்டபின் "ட்ஸுசாமன் ஓடர் கெட்ரென்ட்?" என்றால் பில் சேர்த்தா, தனித்தனியா. குட்டி ரொட்டிக்கு பெர்லினில் ஷ்ரிப்ப, மியூனிக்கில் ஸெமல். கொலோனில் "ஹால்வ ஹான்" என்ற பேரைப் பார்த்துப் பாதிக் கோழி வரும் என்று காத்திருக்காதீங்க. வருவது சீஸ் வைத்த ரொட்டி.