முதல் புண்ணுக்கும் பயாப்சிக்கும் நடுவில் எத்தனை நாள் போனது?

பெரம்பூர் மகள்:
அப்பாவுக்கு வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. சிகிச்சை முடிந்து நன்றாக இருக்கிறார், ரசம் சாதம் குழைத்துச் சாப்பிடுகிறார், பேரனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் எனக்கு ஒரு கணக்கு மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. கன்னத்தின் உள்பக்கம் புண் இருப்பதை அவர் சொன்னது பொங்கல் சமயம். பயாப்சி, அதாவது புண்ணிலிருந்து சின்னத் துணுக்குச் சதை எடுத்துச் சோதிப்பது, எடுத்தது ஜூன் கடைசி. நடுவில் ஐந்தரை மாதம். அந்த ஐந்தரை மாதமும் நாங்கள் சும்மா இருக்கவில்லை, ஏதோ ஒன்று செய்துகொண்டேதான் இருந்தோம், அதை நினைத்தால்தான் தாங்க முடியவில்லை.

முதலில் தெருமுனை மெடிக்கலில் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் தடவுவதற்கு ஒரு ஜெல்லும். சூடு என்று அம்மா வாரத்துக்கு மூன்று நாள் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப் பாலும் கொடுத்தார். அப்புறம் கடைவாய்ப் பல் கூர்மையாக இருக்கிறது, அதுதான் குத்துகிறது என்று ஒரு கிளினிக்கில் பல்லைத் தேய்த்துவிட்டு ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதினார்கள். அப்பா முப்பத்தைந்து வருடமாக வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர். அதைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வலி இல்லாததால் அவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சித்திரையில் தாடைக்குக் கீழே கோலிக்குண்டு அளவுக்கு நெறி கட்டியது, பல்லால் வந்த நெறி என்றார்கள். ஜூனில் வாய்க்குள் ஸ்பூன் நுழையவில்லை. அதற்குப் பிறகுதான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனோம்.

சி.டி. ஸ்கேன் பார்த்துவிட்டு 4ஏ என்றார்கள். நான்கு என்ற எண்ணைக் கேட்டதும் நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார், வாய்ப் புற்றில் நான்காம் நிலைக்குள்ளேயே ஏ, பி, சி என்று இருக்கிறதாம். அப்பாவுக்குத் தாடை எலும்பு வரை போயிருந்தாலும் அறுவை செய்து எடுக்க முடியும் என்பதால் ஏ. நுரையீரல் போல தூரத்து உறுப்புக்குப் பரவியிருந்தால் சி. இதை யாராவது எங்களுக்கு வாசலிலேயே சொல்லியிருந்தால் அன்றைக்கு அம்மா அப்படி அழுதிருக்க மாட்டார். ஆனாலும் தாடையில் ஒரு பகுதியையும் கழுத்து நெறிகளையும் எடுத்து, நெஞ்சுச் சதையைக் கொண்டுவந்து வைத்துத் தைத்து, அதன்பின் முப்பது நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்து, மூக்குக் குழாய் வழியாகவே பல வாரம் கஞ்சி போனது. பொங்கலுக்கே போயிருந்தால் இதில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று யோசிக்காத நாள் இல்லை.

உங்கள் வீட்டிலும் இது நடந்திருந்தால் ஒன்று மட்டும் எழுதுங்கள். முதலில் கவனித்ததற்கும் பயாப்சிக்கும் நடுவில் எத்தனை நாள், அந்த நாட்கள் எங்கே போயின?

கோயம்பேடு வியாபாரி:
எனக்கு ஆறு வாரம். தக்காளிக் கடை, விடியற்காலை இரண்டு மணிக்கே கத்த ஆரம்பித்தால்தான் சரக்கு நகரும். குரல் கம்மியது. இந்தத் தொழிலில் அது வழக்கம்தான் என்று பனங்கற்கண்டு, மிளகு, சுக்குக் கஷாயம் எல்லாம் பார்த்தேன். ஆறாவது வாரம் லோடு இறக்குகிறவனைக் கூப்பிட்டால் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அந்த அளவுக்குச் சத்தம் இல்லை. அக்கா மகன் விடாப்பிடியாகக் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் இழுத்துப் போனான். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்த்தார்கள், குரல் நாணில் சின்ன முண்டு. முதல் நிலை. அறுவை இல்லை, கரண்ட் மட்டும், வாரம் ஐந்து நாளாகக் கிட்டத்தட்ட ஆறு வாரம். குரல் திரும்பிவிட்டது, பீடியை அன்றோடு விட்டேன்.

நான் சாமர்த்தியமாகச் சீக்கிரம் போனேன் என்று சொல்ல வரவில்லை. எனக்கு வந்த இடம் அப்படி. குரல் நாணில் சின்னதாக வந்தாலே குரல் மாறிவிடும், கழுத்து நெறிக்கும் அங்கிருந்து சீக்கிரம் பரவாது என்று டாக்டர் சொன்னார். என் பக்கத்துக் கடை அண்ணனுக்குக் குரல்வளைக்குப் பின்னால், சாப்பாடு இறங்கும் பாதையில் வந்தது. ரொம்ப நாளைக்கு ஒன்றுமே தெரியவில்லை. இட்லி இறங்கவில்லை, காது வலிக்கிறது என்று அவர் சொன்னபோது கழுத்தில் கட்டியே வந்துவிட்டது. காதைத்தான் முதலில் இரண்டு இடத்தில் பார்த்தார்கள். நாலு மாதம் அதிலேயே போனது. அவர் இல்லை இப்போது.

தண்டையார்பேட்டை பல் டாக்டர்:
அக்கா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அடுத்த பேஷன்ட்டைக் கூப்பிடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பல்லைத் தேய்த்தது தப்பில்லை. ஆனால் இரண்டு வாரத்தில் திரும்ப வரச் சொல்லி, ஆறவில்லை என்றால் அன்றைக்கே பயாப்சிக்கு அனுப்பியிருக்க வேண்டும். கூர்மையான பல்லால் வந்த புண் என்றால், பல்லைச் சரிசெய்த இரண்டு வாரத்தில் ஆறத் தொடங்கிவிடும். எந்தக் காரணமாக இருந்தாலும் மூன்று வாரம் தாண்டி வாயில் ஒரு புண் இருந்தால் அதைக் கீரையாலும் ஜெல்லாலும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

நிலை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று தெரிந்தால் நாட்களின் அருமை புரியும். வாய்ப் புற்றில் 2 சென்டிமீட்டருக்குள் இருக்கிறதா, 4-ஐத் தாண்டியதா என்று பார்ப்பார்கள், 2018-லிருந்து ஆழத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மேலே சின்னதாகத் தெரிகிற புண் 5 மில்லிமீட்டருக்கு மேல் கீழே இறங்கியிருந்தால் அது முதல் படி இல்லை. கழுத்தில் ஒரே ஒரு நெறியில் ஏறிவிட்டாலே, புண் எவ்வளவு சின்னதானாலும், குறைந்தது மூன்றாம் நிலை. அந்தச் சித்திரை மாத நெறிதான் உங்கள் அப்பாவுக்குக் கடைசி மணி அடித்தது, அதைப் பல் நெறி என்று விட்டது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இங்கே வடசென்னையில் மாவா (பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு கலந்தது) போடுகிற பையன்கள் நிறைய வருகிறார்கள், இருபத்தைந்து வயதுகூட இருக்காது. குட்கா தடை வந்து பல வருடம் ஆகியும் கிடைக்கிறது. மூன்று விரலைச் செங்குத்தாக வாய்க்குள் வைக்கச் சொல்லுவேன், பலருக்கு இரண்டுதான் நுழையும். காரம் பட்டால் எரிகிறது என்பார்கள், கன்னத்தின் உள்புறம் வெளுத்துக் கயிறு மாதிரி இறுகியிருக்கும். அது இன்னும் புற்று இல்லை, ஆனால் புற்றாக மாறக்கூடியது. புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு என்றாலும் அதே கதைதான், பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக அளவில் வகைப்படுத்தி இருபது வருடம் தாண்டிவிட்டது.

இன்னொன்று, கத்தி பட்டால் பரவிவிடும் என்று பயாப்சியைத் தள்ளிப்போடாத குடும்பத்தை நான் பார்த்ததே குறைவு. பரவாது. தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் பரவுகிறது. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைப் பார்த்த ஆய்வு 2005-ல் வெளிவந்தது. புகையிலையோ மதுவோ பழகியவர்களிடம் வாய்ப் புற்று மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. வெறும் கண்ணால் பார்த்ததற்கே இந்தப் பலன் என்பதால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து:
எங்கள் கதை கொஞ்சம் வேறு. கணவருக்கு 44 வயது, சிகரெட் இல்லை, பாக்கு இல்லை. ஷேவ் பண்ணும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலி கிடையாது. ஊசி போட்டுக்கூடப் பார்க்காமல் டி.பி. நெறியாக இருக்கும் என்று ஒருவர் மாத்திரை ஆரம்பித்தார், நாலு மாதம் அதைச் சாப்பிட்டோம், கட்டி வளர்ந்ததுதான் மிச்சம். இன்னொரு டாக்டரிடம் போனதும் முதல் நாளே ஊசியால் நீர் எடுத்து அனுப்பினார். டான்சிலில் ஆரம்பித்து கழுத்துக்கு வந்திருந்தது. மொத்தம் ஐந்து மாதம்.

இதில் எனக்குக் குழப்பம் என்னவென்றால், கழுத்து நெறி வரை பரவியிருந்தும் முதல் நிலை என்று எழுதியிருந்தார்கள். ரிப்போர்ட்டைத் தப்பாக எழுதிவிட்டார்களோ என்று போய்க் கேட்டேன். ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வரும் டான்சில் புற்றுக்குத் தனிக் கணக்காம், சிகிச்சைக்கு நன்றாகக் கேட்பதால் அப்படி வகைப்படுத்துகிறார்களாம். அதனால் பக்கத்து பெட்காரரின் எண்ணையும் உங்கள் எண்ணையும் ஒப்பிட்டுப் பயப்படாதீர்கள். முதல் நிலை என்றாலும் ஏழு வாரக் கரண்ட், கூடவே கீமோ, எச்சில் வற்றிப்போய் இன்றைக்கும் தண்ணீர் பாட்டில் இல்லாமல் வெளியே போக மாட்டார்.

ராயபுரம்:
அம்மா. நாக்கின் ஓரம். பதினொரு மாதம். மகள் வீட்டுப் பிரசவம், அப்புறம் பேரன் மொட்டை, அப்புறம் ஆடி. யாருக்கும் தொந்தரவு வேண்டாம் என்று சொல்லவே இல்லை, மிளகாய் போடாமல் தனியாகக் குழம்பு எடுத்து வைத்துக்கொண்டதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

பெரம்பூர் மகள்:
ராயபுரம், உங்கள் வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய் அம்மாவின் வாயை டார்ச் அடித்துப் பார்த்தேன். அவருக்கு ஒன்றும் இல்லை.

டாக்டர் சொன்ன மூன்று விரலை வீட்டில் எல்லோரையும் வைக்கச் சொன்னேன். என் தம்பிக்கு 38 வயது, இரண்டு விரல்தான் நுழைந்தது. மாவா போடுவது எங்களுக்குத் தெரியும், அப்பாவைப் பார்த்த பிறகும் விடவில்லை. இடது கன்னத்தில் வெள்ளைத் திட்டு, நடுவில் கொஞ்சம் சிவப்பு. எவ்வளவு நாளாக என்று கேட்டால் தீபாவளிக்கு அப்புறம் என்கிறான். திட்டினேன், அழுதேன், வியாழக்கிழமை காலையிலேயே கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குக் கூட்டிப்போய் ஓ.பி. சீட்டு வாங்கினேன். வெளியே வந்து டீ குடிக்கும்போது அவனே பாக்கெட்டிலிருந்து மாவா பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்தான்.

பயாப்சி எடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ரிசல்ட் தருவதாகச் சொன்னார்கள். வந்ததும் இங்கே எழுதுகிறேன்.