பெரிய அணிக்குப் போவது நன்றிகெட்ட செயலா?

கேள்வி (காட்பாடி):
வேலூரில் எங்களோடு வெறுங்காலில் கால்பந்து ஆடிப் பழகிய தம்பி ஒருவன், சென்னை அணி ஒன்று அழைத்ததும் இரண்டே நாளில் பையைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டான். அவனுக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்த பயிற்சியாளர், அன்று மாலை கோல் கம்பத்தில் சாய்ந்தபடி யாரிடமும் பேசாமல் நின்றிருந்தார். அவன் செய்தது சரியா?

மறுமொழி (ஆம்பூர்):
கூலி சற்றுக் கூடினால் ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்கு மாறிவிடும் நாம், ஆட்டக்காரனை மட்டும் துரோகி என்கிறோம். 2000-இல் ஸ்பெயினின் பார்சிலோனா அணியை விட்டு அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட்டுக்குச் சென்ற வீரர் லூயிஸ் ஃபிகோ, 2002-இல் பழைய மைதானத்தில் கார்னர் உதைக்கப் போனபோது, கூட்டத்திலிருந்து பன்றித்தலை வந்து விழுந்தது. ரசிகர்களின் வலி புரிகிறது. ஆனால் மாட்ரிட் கொடுத்தது, அவரை விடுவிக்க பார்சிலோனா ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்த விலைதான்.

மறுமொழி (குடியாத்தம்):
1993 முதல் 2017 வரை இத்தாலியின் ரோமா அணியிலேயே ஆடிய டோட்டியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். அவர் பிறந்ததே ரோம் நகரில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விசுவாசத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: நாடு விட்டு நாடு மாறும் வீரருக்கான தொகையில் 5 சதவீதத்தை, 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பங்கிட வேண்டும் என்பது உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் விதி. பதிவே இல்லாத மைதானத்துப் பயிற்சியாளருக்கு அதில் எந்தப் பங்கும் வராது. கோபப்பட வேண்டியது அங்கேதான், தம்பியை விட்டுவிடுங்கள்.

கேட்டவர்:
விசாரித்தேன் ஐயா. எங்கள் அணிக்குப் பதிவு இருக்கட்டும், ஒரு ரசீதுப் புத்தகம்கூட இல்லை.