மறு: அனார்க்கோ சிண்டிகலிசத்துக்குத் தமிழில் என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அரசும் முதலாளியும் வேண்டாம், தொழிலாளர் சங்கங்களே உற்பத்தியை எடுத்து நடத்த வேண்டும் என்ற கொள்கைதான் அனார்க்கோ சிண்டிகலிசம்; அதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அராஜக சிண்டிகலிசம், அரசின்மைத் தொழிற்சங்கவாதம், தன்னாட்சிச் சங்கவாதம் என்று இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன். தொழிலாளர் இயக்க வரலாறு பற்றிய ஒரு கட்டுரைத் தொகுப்பை மொழிபெயர்த்து வருகிறேன். அதில் இந்தச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, அதனால் எனக்கு இது அவசரமும்கூட.

முதலில் பின்பாதியை எடுத்துக்கொள்வோம். 'சிண்டிகலிசம்' என்று அப்படியே எழுதினால் போதாதா என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். போதாது. ஏனென்றால் 'சிண்டிகேட்' நம்மிடம் ஏற்கெனவே வேறு பொருளில் குடியேறிவிட்டது. 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது காமராஜரும் நிஜலிங்கப்பாவும் இருந்த தரப்பைச் சிண்டிகேட் என்றார்கள். பல்கலைக்கழகத்தில் சிண்டிகேட் கூடுகிறது. டெண்டரில் கான்ட்ராக்டர்கள் தங்களுக்குள் பேசி விலையை முடித்துக்கொண்டால் 'சிண்டிகேட் போட்டுட்டாங்க' என்கிறோம். எல்லாமே மேலே இருக்கும் சிலர் கூடி முடிவெடுக்கிற விஷயம். நாம் பெயர் தேடும் கருத்தோ, கீழே வேலை செய்கிறவர்கள் கூடி முடிவெடுப்பது பற்றியது. ஒலிபெயர்த்தால் வாசகர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

அப்படியானால் 'தொழிற்சங்கவாதம்' என்று வைத்துவிடலாமா? ஸ்பானிய மொழியில் சிந்திகாத்தோ என்றால் வெறும் தொழிற்சங்கம்தான். பிரெஞ்சிலும் அப்படியே. இன்றும் ஒரு பிரெஞ்சுக்காரர் அந்த 'இசத்தை'ச் சொன்னால் சாதாரணத் தொழிற்சங்க நடவடிக்கை என்றே பொருள். ஆங்கிலம் கடன் வாங்கியபோதுதான் அது ஒரு தனிக் கொள்கையின் பெயராகச் சுருங்கியது. நாம் 'தொழிற்சங்கவாதம்' என்று எழுதினால் கூலி உயர்வும் போனசும் கேட்கும் அன்றாடச் சங்க வேலையும் இந்தக் கொள்கையும் ஒன்றாகக் கலந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேறுபாடுதான் இந்த இழையின் உயிரே. கொஞ்சம் வரலாற்றைச் சொன்னால் தெளிவாகும்.

பிரான்சில் 1791இல் தொழிலாளர் கூட்டமைப்புகளைத் தடை செய்தார்கள். 1884இல்தான் சங்கம் வைக்கச் சட்டம் முழுதாக இடம் கொடுத்தது. அதற்குப் பின் ஊருக்கு ஊர் 'தொழிலாளர் மனை' என்று நாம் சொல்லக்கூடிய இடங்கள் தோன்றின. பாரிசில் 1887இல் ஒன்று வந்தது. வேலை தேடி வருகிறவருக்கு வேலை காட்டுவது, வழிச்செலவுக்குக் காசு கொடுப்பது, நூலகம், மாலை வகுப்பு எல்லாம் அங்கே நடந்தன. பல ஊர்களில் கட்டடமும் மானியமும் நகராட்சி கொடுத்தவை. ஆனாலும் உள்ளே வேலையை நடத்தியவர்கள் சங்கத்தார். இந்த மனைகளின் கூட்டமைப்புக்கு 1895இல் செயலாளரானவர் பெர்னான் பெலூத்தியே. 1901இல் 33 வயதில் இறந்துபோனார். அந்தச் சில வருடங்களில் அவர் விடாமல் சொல்லி வந்தது ஒன்றுதான்: நாளைய சமூகத்தை நடத்தத் தேவையான பழக்கத்தைத் தொழிலாளர்கள் இன்றே, இந்த மனைகளுக்குள்ளேயே கற்றுக்கொள்கிறார்கள்.

அதே 1895இல் லிமோஜ் நகரில் சி.ஜி.டி. என்ற பொதுக் கூட்டமைப்பு உருவாயிற்று. 1906இல் ஆமியான் மாநாட்டில் அது நிறைவேற்றிய சாசனத்துக்கு ஆதரவு 830 வாக்கு, எதிர்ப்பு வெறும் 8. இன்றைக்குப் போராடுவதற்கான கூட்டமாக இருக்கும் சங்கம், நாளைக்கு உற்பத்தியையும் விநியோகத்தையும் நடத்தும் அமைப்பாகவும் புதிய சமூகத்தின் அடித்தளமாகவும் ஆகும் என்பது அந்தச் சாசனத்தின் சாரம். கட்சிகளிலிருந்து சங்கம் விலகி நிற்க வேண்டும் என்றும் சொன்னது. உறுப்பினர் வெளியே எந்த அரசியலையும் வைத்துக்கொள்ளலாம், சங்கத்துக்குள் கொண்டுவரக் கூடாது.

இதைப் பஞ்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்த என் பெரியப்பாவிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப சங்கமே மில்லை எடுத்து நடத்தோணும்ங்கிறாங்களா?" என்றார். ஆமாம் பெரியப்பா, அதேதான் என்றேன். நம் கலைச்சொல் இந்த ஒற்றை வாக்கியத்தைத் தாங்க வேண்டும். சங்கம் கருவி மட்டுமல்ல, சேருமிடமும் அதுவே.

ஆகவே சங்கத்தையே ஒரு கொள்கையாக உயர்த்திச் சொல்லும் சொல் வேண்டும். பெண்ணியம், மார்க்சியம், தலித்தியம் என்று 'இயம்' நமக்குப் பழகிவிட்டது. தேசம் தேசியம் ஆவதுபோல் சங்கம் சங்கியம் ஆகலாம். ஆனால் தனியாகச் 'சங்கியம்' என்றால் சாங்கியத் தத்துவம் நினைவுக்கு வரும், இன்றைய அரசியல் வசைச்சொல் ஒன்றும் கூடவே வரும். 'சங்கவாதம்' என்ற பரிந்துரைக்கும் அதே சங்கடம் உண்டு. 'தொழில்' என்பதை முன்னால் விடாமல் வைத்துக்கொண்டால் இரண்டும் விலகிவிடும். எனவே சிண்டிகலிசம் என்பதற்குத் தொழிற்சங்கியம். கடைப்பிடிப்பவர் தொழிற்சங்கியர். சாதாரணச் சங்க வேலைக்குத் 'தொழிற்சங்க இயக்கம்' என்ற பழைய வழக்கு அப்படியே இருக்கட்டும்.

இனி முன்பாதி. இதில்தான் எனக்கு அதிகக் கவலை.

'அராஜகம்' என்ற சொல்லை இனி மீட்க முடியாது என்று நினைக்கிறேன். அரசன் இல்லாத நிலை என்ற பொருளில் பிறந்த சொல், இன்று 'போலீஸ் அராஜகம்', 'ரவுடிகள் அராஜகம்' என்ற செய்தித்தாள் தலைப்புகளுக்குள் போய்விட்டது. அரசையே எதிர்த்த இயக்கத்தின் பெயரால் அரசின் காவலர் செய்யும் அட்டூழியத்தைக் குறிக்கிறோம். கலைச்சொல்லுக்கு அது உதவாது. 'தன்னாட்சி' நல்ல சொல், ஆனால் தன்னாட்சிக் கல்லூரி, மாநிலத் தன்னாட்சி என்று அது எப்போதும் மேலே உள்ள ஒரு அதிகாரம் விட்டுக்கொடுத்த இடத்தைச் சுட்டுகிறது.

'அரசின்மை'தான் இவற்றில் பரவலானது. ஆனால் 'இன்மை' என்பது குறையைச் சொல்லும் சொல். தூக்கமின்மை, பாதுகாப்பின்மை, ஒழுங்கின்மை. பழந்தமிழில் 'இன்மை' என்றாலே வறுமை. ஏதோ இருக்க வேண்டியது இல்லாமல் போய்விட்டது என்ற தொனி இதில் எப்போதும் உண்டு. அரசின்மை என்றால் தேர்தல் முடிந்து மந்திரிசபை அமையாத காலம் மாதிரி இருக்கிறது. இந்த மனிதர்கள் அரசு இல்லாமல் தவித்தவர்கள் அல்லர், வேண்டாம் என்று மறுத்தவர்கள்.

மறுத்தவர்கள் என்று எழுதும்போதே சொல் கைக்கு வந்துவிட்டது. கடவுள் மறுப்பு என்கிறோம், சாதி மறுப்புத் திருமணம் என்கிறோம். குறளிலேயே புலால் மறுத்தல் என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. அறிந்தே, ஒரு அறத்தின் பேரில், எதிரில் இருப்பதை ஏற்காமல் விடுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் மறுப்பு. எனவே அனார்க்கிசம் என்பதற்கு ஆட்சிமறுப்பு, கொள்கைப் பெயராக வேண்டுமானால் ஆட்சிமறுப்பியம். நாம் தேடும் சொல் ஆட்சிமறுப்புத் தொழிற்சங்கியம்.

'அரசு மறுப்பு' என்று ஏன் வைக்கவில்லை? அரசு என்றால் கோட்டையும் கலெக்டர் ஆபீசும்தான் கண்ணில் வரும். ஆட்சி என்றால் முதலாளி ஆலையில் செலுத்தும் ஆட்சியும், சங்கத் தலைவர் உறுப்பினர்மேல் செலுத்தும் ஆட்சியும் உள்ளே வந்துவிடும். இவர்கள் மறுத்தது மூன்றையும். பார்சிலோனாவில் 1910இல் உருவான சி.என்.டி. என்ற ஸ்பானியத் தொழிற்சங்கக் கூட்டமைப்பில் சம்பளம் வாங்கும் முழுநேர நிர்வாகிகள் மிகமிகக் குறைவு. பேராளராகப் போகிறவர் பொதுக்கூட்டம் சொல்லி அனுப்பியதைச் சொல்ல வேண்டும், மீறினால் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். லட்சக்கணக்கில் உறுப்பினர் சேர்ந்த பின்னும் இந்த வழக்கத்தைக் காக்கப் போராடினார்கள்.

இப்படி இயங்கிய சங்கம் எவ்வளவு வலுவானது என்பதற்கு 1919ஆம் ஆண்டு லா கனடியென்சே வேலைநிறுத்தம் ஒன்றே போதும். பார்சிலோனாவுக்கு மின்சாரம் கொடுத்த, கனடா மூலதனத்தில் இயங்கிய நிறுவனம் அது. பிப்ரவரியில் அலுவலக ஊழியர் 8 பேரை வேலையை விட்டு எடுத்தார்கள். அவர்களுக்காக மற்றவர்கள் எழுந்தார்கள், பிறகு மின்சாரத் தொழிலாளர் முழுவதும், பிறகு தண்ணீர், எரிவாயு. நகரம் இருட்டில் நின்றது. அச்சுத் தொழிலாளர்கள், வேலைநிறுத்தத்துக்கு எதிரான எதையும் அச்சுக்கோக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். 44 நாள் நடந்தது. ஏப்ரல் 3 அன்று ஸ்பெயின் அரசு எட்டு மணி நேர வேலைநாளை ஆணையாகவே பிறப்பித்தது. எட்டுப் பேரின் வேலைக்காகத் தொடங்கியது, நாடு முழுவதற்கும் எட்டு மணி நேரமாக முடிந்தது. இதை மொழிபெயர்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஓர் எதிர்ப்பு வரும், நானே எழுப்பிவிடுகிறேன். 1936 நவம்பரில் உள்நாட்டுப் போரின் நடுவே சி.என்.டி.யைச் சேர்ந்த நான்கு பேர் ஸ்பெயின் அரசில் அமைச்சர்களானார்கள். சுகாதாரத்துக்கு ஃபெடரிக்கா மோன்ட்செனி, ஸ்பெயினின் முதல் பெண் அமைச்சர் அவரே. நீதித்துறைக்குக் கார்சியா ஒலிவர். அப்புறம் எப்படி ஆட்சிமறுப்பு என்பது? என் பதில்: அந்த முரண்பாடு அவர்களையே அன்று பிளந்தது. பார்சிலோனாவில் டிராமையும் ரொட்டிக்கடையையும் சினிமா கொட்டகையையும் தொழிலாளர்களே எடுத்து நடத்திக்கொண்டிருந்த அதே மாதங்களில் தோழர்கள் மந்திரி நாற்காலியில் உட்கார்ந்ததைப் பலர் மன்னிக்கவே இல்லை. 'ஆட்சிமறுப்பு' என்று பெயர் வைத்தால் அந்த வலியை வாசகர் உடனே உணர்வார். 'அரசின்மை' என்றால் அது புரியாமலே கடந்துவிடும்.

எல்லோருக்கும் இந்தப் பெயரை ஒட்டிவிடவும் கூடாது. ஆமியான் சாசனத்தில் ஆட்சிமறுப்பு என்ற கொள்கை இல்லை. எனவே சி.ஜி.டி.க்குப் 'புரட்சிகரத் தொழிற்சங்கியம்' என்பதே சரி. அந்த சி.ஜி.டி. தலைமையும் 1914இல் முதல் உலகப் போர் வந்ததும் அரசின் பக்கம் போய்விட்டது. 1905இல் சிகாகோவில் தொடங்கிய ஐ.டபிள்யூ.டபிள்யூ. என்ற தொழிற்சங்கம் இன்னொரு வகை, அதைத் தனி இழையில் பேசலாம். எல்லை எப்போதும் கறாராக இருந்ததும் இல்லை. 1922 டிசம்பரில் பெர்லினில் கூடி, இந்தக் கொள்கையுள்ள சங்கங்களின் அனைத்துலக அமைப்பை நிறுவியவர்கள் தங்கள் கோட்பாட்டு அறிக்கைக்கே 'புரட்சிகர' என்ற அடைமொழியைத்தான் வைத்தார்கள். ஆவணத்தில் எது இருக்கிறதோ அதையே மொழிபெயர்க்க வேண்டும், நாமாக மாற்றக் கூடாது.

இந்தச் சொல்லோடு வரும் இரண்டு சொற்களையும் இப்போதே பேசிவிடுவோம். 'நேரடி நடவடிக்கை' என்றால் இந்திய வாசகருக்கு 'நேரடி நடவடிக்கை நாள்' அன்று வெடித்த 1946 கல்கத்தாக் கலவரம் நினைவுக்கு வரும். இங்கே பொருள் வேறு: பிரதிநிதியை நம்பாமல் தொழிலாளரே வேலையிடத்தில் செய்யும் போராட்டம். 'நேரடிச் செயல்' என்று மாற்றலாம். 'பொது வேலைநிறுத்தம்' இருக்கட்டும், ஆனால் நம் ஊரில் அது ஒரு நாள் பந்த் என்று ஆகிவிட்டதால் முதல் தடவை வரும்போது 'காலவரையற்ற' என்று சேர்க்க வேண்டும். தொழிற்சங்கியர்கள் நினைத்தது மறுநாள் காலை வேலைக்குத் திரும்புகிற நிறுத்தத்தை அல்ல.

இதெல்லாம் நமக்கு எதற்கு, ஐரோப்பியச் சங்கதிதானே என்று ஒருவர் எழுதியிருந்தார். சென்னையில் 1887இல் பிறந்த எம்.பி.டி. ஆச்சார்யாவைப் பற்றி அவர் படிக்க வேண்டும். பாரதியாரோடு 'இந்தியா' இதழில் வேலை செய்தவர். 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களில் ஒருவர். அதே கட்சியை அமைத்தவர்களில் இன்னொருவரான எம்.என். ராயோடு முரண்பட்டு விலகி பெர்லினுக்குப் போய், மேலே சொன்ன அந்த அனைத்துலக அமைப்பின் வட்டத்தில் இயங்கினார். 1935இல் இந்தியா திரும்பி, 1954இல் பம்பாயில் இறக்கும்வரை இதே கொள்கையோடு எழுதிக்கொண்டிருந்தார். அவரைத் தமிழில் அறிமுகப்படுத்தும்போது 'அராஜகவாதி' என்றா எழுதுவது? எனக்குக் கை வரவில்லை.

அடுத்த ஞாயிறுக்குள் மறுப்புகளைச் சொல்லுங்கள். குறிப்பாக இலங்கை நண்பர்கள் 'ஆட்சிமறுப்பு' அங்கே வேறு ஏதாவது தொனியில் ஒலிக்கிறதா என்று எழுதினால் உதவியாக இருக்கும். 'தொழிற்சங்கியம்' என்ற புணர்ச்சி சரியா என்று நம் குழுமத்தின் இலக்கணப் புலவர் ஐயா பார்த்துச் சொல்ல வேண்டும். அது தவறென்றால் 'தொழிற்சங்கவியம்' எனக்குச் சம்மதம். முன்பாதியை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்புடன்.