டேங்க் என்றால் தொட்டியா, ஏரியா? பெங்களூரில் ஒரு நோட்டீஸ் கிளப்பிய சண்டை

மைதிலி டீச்சர், மல்லேஸ்வரம்:
எங்கள் குடியிருப்புச் செயலாளர் போன வாரம் லிஃப்ட் பக்கத்தில் ஆங்கிலத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ஞாயிறு காலை டேங்க் க்ளீனிங், எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும் என்று இருந்தது. தண்ணீர் நின்றுவிடும் என்று சனிக்கிழமை ராத்திரியே வீட்டுக்கு வீடு பக்கெட், குடம், இட்லிப் பானை வரை நிரப்பி வைத்தோம். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் அதுபாட்டுக்குக் கொட்டுகிறது. செயலாளரோ கையுறை மாட்டிக்கொண்டு ஏரிக்கரையில் நின்று, யாருமே வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தாராம். இதை நான் சொன்னதற்கு ராமலிங்கம் சார் நேற்று இங்கே எழுதிய பதில்: "டேங்க் என்றால் ஏரிதான், ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குப் புரியும்." வாழ்நாள் முழுக்க ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். டேங்க் என்றால் தொட்டி. ஏரிக்கு லேக். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது.

ராமலிங்கம், ஓய்வுபெற்ற பொறியாளர்:
சாங்கி டேங்க் இருக்கிற ஊர்ப்பக்கமே குடியிருந்துகொண்டு இப்படி எழுதலாமா டீச்சர்? 1882இல் கர்னல் ரிச்சர்ட் சாங்கி கட்டியது. அந்த வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாமலா டேங்க் என்றார்கள்? லேக் என்பது தானாக உண்டானது. டேங்க் என்பது ஓடையை மறித்துக் கரை போட்டு, தண்ணீர் திறந்துவிட மதகு வைத்து, மிச்சத் தண்ணீர் வழியக் கலிங்கல் விட்டு மனுஷன் கட்டியது. பெங்களூருக்குள் சொல்லிக்கொள்ளும்படி ஆறு கிடையாது. அதனால்தான் பள்ளத்துக்குப் பள்ளம் கரை போட்டுத் தேக்கினார்கள். ஒன்று நிரம்பினால் ராஜகாலுவே என்கிற பெரிய கால்வாய் வழியாக அடுத்ததற்குப் போகும். மதகு இருந்தால் டேங்க். முடிந்தது.

கெங்கேரி குமார்:
ஆறு கிடையாதா? விருஷபாவதி எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் ஓடுகிறது. அதைச் சாக்கடை ஆக்கிவிட்டு இப்போது ஆறே இல்லை என்கிறீர்கள். வயிறு எரிகிறது சார்.

ராமலிங்கம்:
சொல்லிக்கொள்ளும்படி என்று எழுதினேன் தம்பி. ஒழுங்காகப் படியுங்கள்.

மைதிலி டீச்சர்:
மதகு இருந்தால் டேங்க் என்றால், செம்பரம்பாக்கத்துக்கு மதகு இல்லையா? 2015 டிசம்பரில் சென்னையே மிதந்தபோது எதைத் திறந்தார்கள்? டீவி, பேப்பர் எல்லாம் அதை லேக் என்றுதானே சொன்னது? வீராணம்? சோழர்கள் கரை போட்டது, அதுவும் லேக். உங்கள் இலக்கணம் உங்களுக்கே இடிக்கிறது சார்.

ராமலிங்கம்:
பேப்பரில் வந்தால் சரியாகிவிடுமா? பொதுப்பணித்துறைக் காகிதத்தில் செம்பரம்பாக்கம் டேங்க்தான். நான் என் கையால் எழுதியிருக்கிறேன். மதகு இருந்தால் டேங்க்.

பாஸ்கர், பேகூர்:
இரண்டு பேருமே கொஞ்சம் நில்லுங்கள். அகராதியில் இரண்டு பொருளும் இருக்கின்றன. இந்தியாவின் ஏரி, குளங்களை ஆங்கிலேயர்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்தே டேங்க் என்று எழுதியிருக்கிறார்கள். குஜராத்தியிலிருந்து வந்த சொல் என்பார்கள், போர்த்துகீசியத்திலிருந்து என்பார்கள். இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் புழங்கிய சொற்களுக்கு ஹாப்சன்-ஜாப்சன் என்று 1886இல் ஒரு அகராதி வந்தது, அதில் இதற்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார்கள். தொட்டி என்பதும் சரி, ஏரி என்பதும் சரி. எந்த டேங்க் என்று நோட்டீஸில் ஒரு வார்த்தை கூடப் போட்டிருந்தால் பிரச்சினையே இல்லை.

ராமலிங்கம்:
தம்பி, அகராதி கிடக்கட்டும். மதகு இருக்கா, இல்லையா? அதை மட்டும் டீச்சரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

மைதிலி டீச்சர்:
பாஸ்கர், ரெண்டும் சரி என்று எழுதினால் பரீட்சையில் முட்டைதான் போடுவேன்.

சேவியர், அல்சூர்:
எங்கள் வீட்டில் டேங்க் என்றால் பீரங்கி வண்டி. அப்பா ராணுவத்தின் எஞ்சினியர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர், அல்சூர் ஏரிக்கரையில்தான் சென்டர். இங்கிலாந்தில் அந்த வண்டியை ரகசியமாகச் செய்தபோது, வெளியே தெரியாமல் இருக்கத் தண்ணீர்த் தொட்டி என்று சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15இல் முதன்முதலாகப் போரில் இறக்கினார்கள். பொய்க்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. சாங்கியும் மெட்ராஸ் படையின் எஞ்சினியர்தான். அதாவது உங்கள் டேங்க்கைக் கட்டியது எங்கள் ஆட்கள். அந்தப் படைக்காரர்களைத் தம்பிகள் என்பார்கள், அந்தப் பெயருக்கு இன்றும் மரியாதை.

செல்வம், ஹலசூர்:
ஹலசூர் என்று எழுதுங்கள் சேவியர். ஹலசு என்றால் பலா. பலாமரம் நின்ற ஊர். அல்சூர் என்பது வெள்ளைக்காரன் நாக்குச் சுளுக்கிச் சொன்னது.

சேவியர்:
நான் பிறந்தது அல்சூரில். பர்த் சர்ட்டிபிகேட்டில் அப்படித்தான் இருக்கிறது. நீங்கள் வந்து மாற்றித் தருகிறீர்களா?

ராமலிங்கம்:
ஊர்ப்பெயரை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது இதுதான். மெஜஸ்டிக் பக்கம் டேங்க் பண்ட் ரோடு என்று போர்டு இருக்கிறதே, என்றாவது பார்த்தீர்களா? பண்ட் என்றால் கரை. கரை எங்கே, டேங்க் எங்கே? அங்கே இருந்த தர்மாம்புதி ஏரியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்ட் கட்டியாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவா ஸ்டேடியம் ஆனது. சூளை ஏரியில் இன்று ஃபுட்பால் ஆடுகிறார்கள். சென்னையில் லாங் டேங்க்கைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் வந்தது. பெயர் மட்டும் மிச்சம்.

பழைய மதகு ஒன்றைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா யாராவது? கரையை ஒட்டித் தண்ணீருக்குள் இரண்டு கல்தூண் நிற்கும். குறுக்கே பலகைக் கல், நடுவில் துளை. அதன் வழியாகக் கம்பு இறங்கும். நுனியில் ஒரு குமிழ், அடியில் இருக்கிற ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கம்பைத் தூக்கினால் கரைக்கு அந்தப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் போகும். கன்னடத்தில் தூபு, நமக்குத் தூம்பு. இன்று அந்தத் தூணில் துணி காயப்போடுகிறார்கள். லேக், லேக் என்று சொல்லிச் சொல்லியே அதைச் சுற்றி நடைபாதையும் வேலியும் போட்டு வேடிக்கை பார்க்கிற இடம் ஆக்கிவிட்டோம். வேலை செய்கிற ஒரு அமைப்பு அது என்ற நினைப்பே போய்விட்டது. பெல்லந்தூர் ஏரியில் நுரை பொங்கி, தண்ணீரிலேயே தீ பிடித்தபோது நான் அழுதேன். எனக்கு இது வார்த்தைச் சண்டை இல்லை டீச்சர்.

மைதிலி டீச்சர்:
உங்கள் அழுகையை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் ஏரி மேல் அக்கறை உண்டு. ஆனால் டேங்க் என்று கூப்பிட்ட தர்மாம்புதியைத்தானே தூர்த்தார்கள்? டேங்க் என்ற பெயர் அதைக் காப்பாற்றியதா? இன்னொன்று. கர்நாடக அரசு 2014இல் ஏரிகளைப் பாதுகாக்கச் சட்டம் போட்டபோது, அதற்கான ஆணையத்தின் பெயரில் லேக் என்றுதான் வைத்தது. படித்தவர்கள் எழுதிய சட்டம்.

ராமலிங்கம்:
பின்னால் அதே சட்டத்தைத் திருத்தி டேங்க் என்று மாற்றினார்களே, அதை ஏன் மறைக்கிறீர்கள்? இன்று அந்த ஆணையத்தின் பெயரில் டேங்க்தான். ஏன் மாற்றினார்கள்? மதகு இருந்தால் டேங்க்.

மைதிலி டீச்சர்:
அரசாங்கம் மாற்றினால் ஆங்கிலம் மாறாது சார்.

கவிதா, கோரமங்கலா:
நான் கேட்கிறேன், எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறதை என்ன சொல்வது? எங்கள் வீட்டில் அதை சின்டெக்ஸ் என்போம், கீழே இருக்கிறது சம்ப். டேங்க் என்று யாரும் சொல்வதே இல்லை. மேலே மூடி உடைந்து புறா விழுந்து கிடந்தது. அதைக் கழுவ ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம், இங்கே வெள்ளைக்காரனுக்குத் தெரிந்த ஆங்கிலம் பற்றிப் பேச்சு.

ராமலிங்கம்:
சம்ப் என்பதும் தப்பு அம்மா. சம்ப் என்றால் கசிகிற தண்ணீர் வந்து சேருகிற குழி. நீங்கள் சொல்வது தரையடித் தொட்டி.

கவிதா:
பெங்களூர் முழுக்க சம்ப் என்றுதான் சொல்கிறது. டேங்கர்காரரிடம் போய்த் தரையடித் தொட்டி என்று சொல்லிப் பாருங்கள், தண்ணீரை ரோட்டில் விட்டுவிட்டுப் போவார்.

மைதிலி டீச்சர்:
பார்த்தீர்களா? ஊரே சொன்னாலும் சம்ப் தப்பு, ஆனால் இவர் சொன்னால் டேங்க் சரி. செயலாளர் இவருடைய நண்பர். அதனால்தான் இந்த வக்காலத்து. போன பொங்கலுக்கு வாங்கிய பணத்துக்கு இன்னும் கணக்குக் காட்டாத செயலாளர்.

ராமலிங்கம்:
பொங்கல் கணக்கை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? கணக்கு நோட்டீஸ் போர்டில் மூன்று நாள் தொங்கியது. நோட்டீஸைப் படிக்கிற பழக்கம் இருந்தால் தெரிந்திருக்கும்.

மைதிலி டீச்சர்:
நோட்டீஸைப் படித்ததால்தானே இட்லிப் பானையில் தண்ணீர் பிடித்தேன்!

பாஸ்கர்:
அடுத்த ஞாயிறு ஏரிக்கு யாராவது போகிறீர்களா? நான் வருகிறேன். கையுறை யாரிடம் இருக்கிறது?

செல்வம்:
ஹலசூர் ஏரிக்கு என்றால் வருகிறேன். அல்சூர் என்று எழுதினால் வரமாட்டேன்.

சேவியர்:
அல்சூர்.

ராமலிங்கம்:
டீச்சர் இன்னும் பதில் சொல்லவில்லை. சாங்கி டேங்க்குக்கு மதகு உண்டா, இல்லையா? உண்டு, இல்லை என்று ஒரே வார்த்தை போதும்.

மைதிலி டீச்சர்:
செம்பரம்பாக்கத்துக்கு நீங்கள் முதலில் சொல்லுங்கள். அப்புறம் பொங்கல் கணக்கு.