தோரியத்தில் ஆல்ஃபா போய்ச் சேர்ந்தால் யுரேனியம் ஆகாதா?

மணவாளக்குறிச்சி மாணவி:
எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். எங்கள் கடற்கரைக் கறுப்பு மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம் இருக்கிறது என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். தோரியம் 232 ஆல்ஃபாவை (2 புரோட்டானும் 2 நியூட்ரானும் சேர்ந்த துகள்) வெளியே விடுகிறது. அந்த ஆல்ஃபா பக்கத்துத் தோரியக் கருவில் சேர்ந்தால் 90 புரோட்டானும் 2 புரோட்டானும் 92, அதாவது யுரேனியம் 236 வர வேண்டுமே? பாடத்தில் இதற்கெல்லாம் சைக்ளோட்ரான் (துகள்களை வேகப்படுத்தும் எந்திரம்) வேண்டும் என்கிறார்கள். மணலில் ஏன் தானாக நடக்கவில்லை?

தக்கலை வாத்தியார்:
மக்களே, உன் கூட்டல் சரிதான். ஆனால் அந்த ஆல்ஃபாவுக்குப் பலம் போதாது.

தோரியம் 232 விடும் ஆல்ஃபாவுக்கு 4 எம்.இ.வி. (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட், கருக்களின் ஆற்றலை அளக்கும் அலகு) ஆற்றல். தோரியம் ஒன்றன்பின் ஒன்றாக வேறு தனிமங்களாகச் சிதையும் வரிசையிலேயே பெரியது பொலோனியம் 212-இலிருந்து வருவது, அதுவும் 8.8 தான். இனி எதிரே இருக்கிற தடையைப் பார். இரண்டும் நேர்மின்சுமை, ஒன்றையொன்று தள்ளும். 1.44 என்ற மாறிலியை 2-ஆலும் 90-ஆலும் பெருக்கி, இரண்டு கருக்களும் தொடும் தூரத்தால் வகுக்க வேண்டும். தூரத்தை 11 ஃபெர்மி (கருக்களை அளக்கும் மிக நுண்ணிய நீள அலகு) என்று வைத்தால் 23.6 எம்.இ.வி. வரும். நாலு எங்கே, இருபத்துமூன்று எங்கே!

குவாண்டம் துளைத்தல் (ஆற்றல் போதாமலே தடையைக் கடப்பது) இருக்கிறதே என்று கேட்பாய். இருக்கிறது. அந்த ஆல்ஃபா தோரியத்தை விட்டு வெளியே வந்ததே அப்படித் துளைத்துத்தான். அது எவ்வளவு அரிது என்பதற்கு அரை ஆயுளே (பாதிக் கருக்கள் சிதைய ஆகும் காலம்) சாட்சி: 1,405 கோடி வருடம். உள்ளே போவதற்கும் அதே தடைதான். போதாததற்கு, 4 எம்.இ.வி. ஆல்ஃபா மோனசைட் பருக்கைக்குள் 10 மைக்ரான் போல ஓடி நின்றுவிடும், பருக்கையை விட்டு வெளியே வருவதே அபூர்வம்.

ரதர்ஃபோர்ட் 1919-இல் இயற்கை ஆல்ஃபாவை வைத்தே நைட்ரஜன் கருவை மாற்றிக் காட்டினார். நைட்ரஜனில் 7 புரோட்டான்தான், தடை சிறிது. கனமான தனிமங்களுக்கு அது நடக்கவில்லை. 1944-இல் பெர்க்லி சைக்ளோட்ரானில் 32 எம்.இ.வி. ஹீலியம் அயனிகளை, அதாவது வேகப்படுத்திய ஆல்ஃபாக்களை, புளூட்டோனியம் 239 மேல் விட்டுத்தான் கியூரியம் என்ற இன்னும் கனமான தனிமத்தை உண்டாக்கினார்கள்.

குலசேகரத்துக்காரன்:
சார் சொன்ன தடையைத் தாண்டினாலும் யுரேனியம் 236 அப்படியே கையில் கிடைக்காது தங்கச்சி. 40 எம்.இ.வி. ஆல்ஃபா கொடுத்தால் சேர்ந்த கருவில் 35 எம்.இ.வி. அளவுக்குக் கிளர்ச்சி (மிகை ஆற்றல்) இருக்கும். பெரும்பாலானவை உடனே பிளந்துவிடும். பிளக்காமல் தப்பியவை நாலு நியூட்ரானைக் கொட்டிவிட்டு யுரேனியம் 232 ஆகும். புரோட்டானை விட்டு ஆற்றும் வழி அரிது, ஏனென்றால் வெளியே வர அதற்கும் மின்சுமையால் வரும் தடை உண்டு.

நான் கொல்கத்தா சைக்ளோட்ரானில் ஆய்வு மாணவனாக இருந்தபோது செய்தது தங்கத்தின் மேல் ஆல்ஃபாவை விடும் சோதனை. தங்கம் இந்த ஆற்றலில் சுலபமாகப் பிளக்காது, நியூட்ரான் போனபின் மிஞ்சும் தாலியத்தை, அது விடும் காமாக் கதிர்களின் கோடுகளை வைத்து எண்ணிவிடலாம். மெல்லிய தங்க ஃபாயில், நடுவில் அலுமினியம், மறுபடி தங்கம் என்று அடுக்குவோம். ஒவ்வொரு தகட்டிலும் ஆல்ஃபாவின் ஆற்றல் கொஞ்சம் இறங்கும். ஒரே கற்றையில் பல ஆற்றல்களுக்கு விடை கிடைக்கும் என்பதுதான் அந்த முறையின் அழகு. முன்னால் இருந்த தகட்டில் தாலியம் 198, பின்னால் போகப்போக 199, 200 என்று மாறுவதைத் திரையில் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அலுமினியத்தை ரொம்பத் தடியாக வைத்துவிடக் கூடாது. 40 எம்.இ.வி. ஆல்ஃபா அதில் அரை மில்லிமீட்டர் சொச்சத்திலேயே நின்றுவிடும்.

மணவாளக்குறிச்சி மாணவி:
ரொம்ப நன்றி சார், அண்ணா. அப்போ நம்ம மணலில் எதுவுமே மாறவில்லையா?

தக்கலை வாத்தியார்:
மாறுகிறது மக்களே, சுற்றுவழியில்! மோனசைட் ஒரு பாஸ்பேட், ஆக்சிஜன் நிறைய உண்டு. அந்த ஆக்சிஜனில் 0.2 சதவீதம் ஆக்சிஜன் 18. அதன் கருவில் 8 புரோட்டான்தான், அதனால் மணல் விடும் ஆல்ஃபாவே அதற்குப் போதும். அபூர்வமாக ஒன்று சேர்ந்து ஒரு நியூட்ரான் கிளம்பும். நியூட்ரானுக்கு மின்சுமை கிடையாது, எந்தத் தடையும் இல்லை. அது தோரியம் 232-இல் நுழைந்தால் தோரியம் 233. 22 நிமிட அரை ஆயுளில் அது புரோட்டாக்டினியம் 233 ஆகும், அப்புறம் 27 நாள் அரை ஆயுளில் யுரேனியம் 233. அளவு மிக மிகச் சொற்பம். நீ கேட்ட 236 இல்லைதான், ஆனால் உன் வீட்டுப் பக்கத்து மணலில் தோரியம் யுரேனியம் ஆவது இப்படித்தான்.