டிக்கி சப்வூஃபர் பெட்டி: எந்தப் பாட்டு போட்டாலும் ஒரே சுதியில் 'தும் தும்', உதவி வேண்டும்

டிக்கிபேஸ் (தண்டையார்பேட்டை):
வணக்கம். பழைய செடான் கார். 12 இஞ்ச் சப், 4 ஓம், 300 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் திறன்) மோனோ ஆம்ப்ளிஃபையர். ரெடிமேட் பெட்டி வேண்டாம் என்று தெரிந்த ஒரு கடையில் சொல்லி, 18 எம்எம் எம்டிஎஃப்பில் (அமுக்கிய மரநார்ப் பலகை) போர்ட், அதாவது காற்று போய்வரும் வழி, வைத்த பெட்டி செய்து வாங்கினேன். 28க்கு 14க்கு 14 இஞ்ச். முன்பக்கம் 3 இஞ்ச் பிவிசி பைப் இரண்டு, ஒவ்வொன்றும் 10 செ.மீ. நீளம். ஒரு பைப் போதாதா என்று கேட்டதற்கு, இரண்டு இருந்தால்தான் எடுப்பாக இருக்கும் என்றார் ஆசாரி.

இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போகும் இல்லையா, அதில் ஒரு சுரம் மட்டும் கண்ணாடி அதிர ஒலிக்கிறது. அதற்குக் கீழே இருக்கும் சுரங்கள் வந்ததா போனதா என்றே தெரியவில்லை. கானா போட்டால் பரவாயில்லை. புதுப் பாட்டுகளில் அடியில் நீளமாக இழுக்கும் பேஸ் வந்தால் கோன் (சப்பின் முன்னால் அதிரும் கூம்பு) கழன்று விழுவதுபோல் ஆடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. வால்யூம் ஏற்றினால் பைப்பில் 'புஸ்' என்று காற்று. ஆம்ப்பில் லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டும் திருகு) 80 ஹெர்ட்ஸ், கெய்ன் பாதி, பேஸ் பூஸ்ட் முக்கால் அளவு. கடையில் கேட்டால் சப்தான் மட்டம், வேறு வாங்கு என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

வியாசை வூஃபர்:
ப்ரோ, ரெண்டு பைப்பையும் அடைச்சுட்டு சீல்டு பெட்டியா, காத்து போக வழியே இல்லாம, ஓட்டுங்க. தலைவலி விட்டுது.

பெட்டிக்கணக்கு (மூலக்கடை):
தம்பி, சப்பில் கை வைக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறி அத்தனையும் பெட்டியின் டியூனிங்கைத்தான், அதாவது பெட்டி எந்தச் சுதியில் ஒலிக்கிறது என்பதைத்தான், காட்டுகிறது. 28க்கு 14க்கு 14 என்பது வெளி அளவா, உள் அளவா?

டிக்கிபேஸ்:
வெளி அளவு அண்ணா. இப்போதுதான் டேப் வைத்துப் பார்த்தேன்.

பெட்டிக்கணக்கு:
சரி. எல்லாப் பக்கமும் பலகைக் கனத்தைக் கழித்தால் உள்ளே கிட்டத்தட்ட 69 லிட்டர். சப்பின் காந்தமும் கூடையும் 3 லிட்டர் பிடிக்கும், பைப்புகள் கொஞ்சம். நிகரம் 64 லிட்டர் என்று வையுங்கள்.

கோலி சோடா பாட்டில் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் வரும் அல்லவா, போர்ட் பெட்டியும் அதே ஜாதிதான். பைப்புக்குள் இருக்கும் காற்று எடை, பெட்டிக்குள் இருக்கும் காற்று ஸ்பிரிங். பைப்பின் பரப்பு கூடினால் சுதி ஏறும். பைப் நீண்டாலோ பெட்டி பெரிதானாலோ சுதி இறங்கும். கணக்கு இதுதான்: பைப்பின் உள்விட்டத்தை செ.மீ.யில் எடுத்து வர்க்கப்படுத்தி, பைப்புகளின் எண்ணிக்கையாலும் 23,562.5 ஆலும் பெருக்குங்கள். அதை டியூனிங்கின் வர்க்கத்தாலும் பெட்டியின் லிட்டராலும் வகுத்து, வருவதில் விட்டத்தின் 0.73 மடங்கைக் கழித்தால் பைப் நீளம் கிடைக்கும்.

இங்கே நீளம் தெரியும் என்பதால் கணக்கைத் திருப்பிப் போட்டேன். 3 இஞ்ச் பைப்புக்கு உள்விட்டம் 7 செ.மீ., இரண்டு பைப், நீளம் 10 செ.மீ. விடை 49 ஹெர்ட்ஸ்.

பேஸ் கிட்டாரின் அடித் தந்தியே 41 ஹெர்ட்ஸ். ஆக உங்கள் பெட்டி அதற்கும் மேலே டியூன் ஆகியிருக்கிறது. போர்ட் பெட்டியில் டியூனிங்குக்குக் கீழே போனால் சத்தம் ஆக்டேவுக்கு (ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 24 டெசிபல் வேகத்தில் சரியும். சீல்டு பெட்டியில் அது 12தான். அதோடு டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தப் பெட்டிக் காற்று உதவாது. அதனால்தான் சத்தமே இல்லாமல் அந்த ஆட்டம். இப்படியே வால்யூம் ஏற்றினால் சப் நிஜமாகவே போய்விடும், கடைக்காரர் சொன்னது பலித்துவிடும்.

பேஸ் பூஸ்ட் எந்த ஹெர்ட்ஸில் என்று ஆம்ப்பில் போட்டிருக்கிறதா பாருங்கள். பல ஆம்ப்களில் 45. பெட்டி கத்தும் இடத்திலேயே ஆம்ப்பும் சேர்ந்து கத்தினால் ஒரு சுரம்தான் கேட்கும்.

செலவில்லாத சோதனை ஒன்று. பூஸ்ட்டை சைபருக்குக் கொண்டுவாருங்கள். ஹார்டுவேர் கடையில் 3 இஞ்ச் பிவிசி எண்ட் கேப் வாங்கி, ஒரு பைப்பின் வாயைக் காற்று கசியாமல் அடையுங்கள். ஒரு பைப்பை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 34, 35 ஹெர்ட்ஸ் வருகிறது. போனில் டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு, மெதுவான சத்தத்தில் 60இலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறங்குங்கள். கோன் எங்கே ஏறக்குறைய அசையாமல் நிற்கிறதோ அதுதான் பெட்டியின் டியூனிங். அந்த இடத்தில் சத்தம் போடுவது கோன் இல்லை, பைப்.

வியாசை வூஃபர்:
அண்ணே, நான் சொன்ன சீல்டும் தப்பில்லையே?

பெட்டிக்கணக்கு:
தப்பே இல்லை தம்பி. 12 இஞ்ச் சப்புக்கு 64 லிட்டர் சீல்டு கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். ஆனால் அவர் கேட்பது சத்தம். அதே 300 வாட்டில் 35, 40 ஹெர்ட்ஸ் பக்கம் போர்ட் பெட்டி கொடுப்பதை சீல்டு கொடுக்காது.

டிக்கிபேஸ்:
அண்ணா, செய்து பார்த்துவிட்டேன். ஆம்ப்பில் 45 என்றுதான் அச்சடித்திருக்கிறது. முதலில் இரண்டு பைப்பும் திறந்தபடி டோன் போட்டேன். 50 பக்கம் வந்ததும் கோன் அப்படியே நின்றது. பைப் வாயில் செல்லோடேப்பில் ஒட்டியிருந்த டிஷ்யூ துண்டு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. 35இல் கோன் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டேன். ஒரு பைப்பை அடைத்த பிறகு 34இல் நிற்கிறது. பாட்டுப் போட்டால் வேறு வண்டி மாதிரி இருக்கிறது, பேஸ் கிட்டார் ஒவ்வொரு சுரமாகப் பிரிந்து கேட்கிறது. ஆனால் சத்தம் ஏற்றினால் 'புஸ்' முன்பைவிட மோசம்.

பெட்டிக்கணக்கு:
அது எதிர்பார்த்ததுதான். 12 இஞ்ச் கோன் தள்ளுகிற காற்று முழுவதும் ஒரு 3 இஞ்ச் ஓட்டை வழியாகப் போய்வர வேண்டியிருக்கிறது. இனி இரண்டு வழி.

கைச்செலவு குறைவாக முடிக்க வேண்டுமென்றால் கேப்பை எடுத்துவிட்டு, சப்பைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாகக் கைவிட்டு இரண்டு பைப்பையும் கப்ளர் (பைப்பை இணைக்கும் வளையம்) போட்டு நீட்டுங்கள். முன்பலகைக் கனத்தையும் சேர்த்து ஒவ்வொன்றும் 25 செ.மீ. இருந்தால் 35 ஹெர்ட்ஸ். பின்பலகைக்கும் பைப் முனைக்கும் நடுவில் 8 செ.மீ. மிஞ்சும். குறைந்தது பைப் விட்டம் அளவுக்காவது அங்கே இடம் வேண்டும் என்பதால்தான் 33க்கு இறங்கச் சொல்லவில்லை. 'புஸ்' குறையும், முழுதாகப் போகாது. இரண்டு பைப்பும் சேர்ந்தே பரப்பு 77 ச.செ.மீ.தான், இந்தப் பெட்டிக்கு 170க்கு மேல் இருந்தால் நல்லது.

முழுதாகப் போக வேண்டுமென்றால் புதுப் பெட்டி, பைப்புக்குப் பதில் ஸ்லாட், அதாவது பலகையாலேயே அமைக்கும் குறுகலான காற்றுவழி. வெளி அளவு 76க்கு 38க்கு 36 செ.மீ., இதில் உயரம் 36. பக்கச் சுவரை ஒட்டி 5.5 செ.மீ. அகலத்தில், முழு உயரத்துக்கு ஸ்லாட். அது பின்பலகை வரை போய், அந்தப் பலகையை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், நடுக்கோட்டில் அளந்தால் நீளம் 65 செ.மீ. ஸ்லாட்டும் அதன் சுவரும் மட்டும் 15 லிட்டருக்கு மேல் விழுங்கிவிடும். அதைக் கழிக்காமல் அளவு கொடுப்பதால்தான் பாதிப் பெட்டிகள் சொதப்புகின்றன. சப், குறுக்குக் கட்டை எல்லாம் போக நிகரம் 60 லிட்டர், டியூனிங் 34. சுவரை ஒட்டிய ஸ்லாட் கணக்கைவிடக் கொஞ்சம் கீழே இறங்கும் பழக்கமுள்ளது. அதனால் திரும்பிய பிறகு வரும் பலகையை உடனே பசை போட்டு ஒட்டாமல் இரண்டு ஸ்க்ரூவில் நிறுத்தி, அதே டோன் சோதனை செய்துவிட்டு முடிவாக ஒட்டச் சொல்லுங்கள்.

பலகை வெட்டுவதற்கு முன்னால் டிக்கி வாயை அளந்துவிடுங்கள். உள்ளே இடம் இருக்கும், வாய் வழியாகப் பெட்டி நுழையாது.

கடலோர ஒலி (காசிமேடு):
பலகை விஷயத்தில் ஒன்று. நம் பக்கத்து ஈரக்காற்றுக்கு எம்டிஎஃப் அடிப்பக்கம் ஊதும். மிக்ஜாம் புயலில், 2023 டிசம்பர், தெருவில் நின்ற தண்ணீர் டிக்கிக்குள் புகுந்து என் பெட்டியின் அடிப்பலகை பொரி மாதிரி உப்பிவிட்டது. ஐஎஸ் 710 (மரைன் பிளைக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மரைன் பிளை, அதாவது தண்ணீர் தாங்கும் பிளைவுட், 18 எம்எம் வாங்குங்கள், விலை கூடத்தான். எம்டிஎஃப்தான் என்றால் வெட்டிய விளிம்பு எல்லாவற்றுக்கும் சீலர் அடித்துவிட்டுக் கார்ப்பெட் ஒட்டச் சொல்லுங்கள், விளிம்புதான் தண்ணீரை உறிஞ்சும். அப்புறம் நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப். அதில் வருகிற 'கிர்ர்' சத்தத்தைச் சப் கிழிந்த சத்தம் என்று நினைத்துக் கழற்றியவர்கள் உண்டு.

டிக்கிபேஸ்:
நன்றி அண்ணா, நன்றி கடலோரம். இப்போதைக்குக் கப்ளர் போட்டு 25 செ.மீ. ஆக்கிவிடுகிறேன், பொங்கல் முடிந்து மரைன் பிளையில் ஸ்லாட் பெட்டி. டிக்கி வாய் அகலம் 90, உயரம் 42 இருக்கிறது, நுழைந்துவிடும். ஒரே ஒரு சந்தேகம். ஆம்ப்பில் சப்சோனிக் என்று இன்னொரு திருகு இருக்கிறது, 15இலிருந்து 50 வரை. அதை எங்கே வைப்பது?

பெட்டிக்கணக்கு:
கப்ளர் போட்ட பெட்டிக்கு 30. ஸ்லாட் பெட்டி வந்த பிறகு 28, 29 பக்கம். டியூனிங்குக்குக் கொஞ்சம் கீழே அது வெட்ட வேண்டும், அப்போதுதான் கோன் கண்டபடி ஆடாது. பூஸ்ட்டை மறுபடி ஏற்றாதீர்கள்.