கயத்தாறு பக்கம் காத்தாடிச் (காற்றாலை) சோதனையைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

கரிசல்காட்டான்:
கயத்தாறு சோதனை நிலையம் நம்ம ஆட்களுக்குப் புதிதில்லை. டென்மார்க் உதவியோடு வந்தது, பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் கீழ் நடப்பது. நான் சொல்வது அந்த வட்டாரத்தில் ஒரு கம்பெனி காத்தாடிக்கு நடந்த இரைச்சல் அளவீடு. கேபிள் இழுக்கிற வேலைக்குப் போயிருந்தேன். மைக்கைக் கம்பத்தில் கட்டவில்லை, தரையில் பலகை போட்டு அதன் மேல் படுக்க வைத்து, பாதி உருண்டைப் பஞ்சால் மூடியிருந்தார்கள். காத்தாடி ஓடும்போது ஒரு பதிவு, அப்புறம் அதை நிறுத்திவிட்டு வெறும் காற்றும் புல்லும் போடுகிற சத்தம் ஒரு பதிவு, அதைக் கழித்தால்தான் இயந்திரத்தின் சத்தம் தனியாக வரும். நிறுத்தின நேரம் பார்த்து ஆட்டு மணி கேட்டது, பதிவு வீண். இஞ்சினியர் பையன் ஓடிப்போய், "ஐயா, கொஞ்ச நேரம் ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டிக்கோங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டான். பெரியவர் கோபப்படவில்லை. "ஓடுத சத்தத்துக்கு என் ஆடு பழகிட்டுதுய்யா, நீங்க நிறுத்தும்போதுதான் மிரளுது. இங்கன மைக்கு வச்சீங்களே, ராத்திரி எங்க வீட்டு முத்தத்துல வந்து ஒருநாள் வச்சுப் பாத்தீங்களா?" என்றார். அந்தப் பையன் பதில் சொல்லாமல் நின்றான். ஆடெல்லாம் போன பிறகும் அங்கேயே நின்றான். அந்தக் கேள்விக்கு யாரிடம் பதில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பணகுடிக்காரன்:
அண்ணாச்சி, அந்தப் பையனைக் குற்றவாளி மாதிரி நிறுத்தாதீர்கள். அந்தச் சோதனை இயந்திரத்துக்கு, ஊருக்கு இல்லை. மைக் வைக்கிற தூரமே கணக்குதான், கோபுர உயரமும் இறக்கை வட்டத்தில் பாதியும் சேர்த்து. 80 மீட்டர் கோபுரம், 80 மீட்டர் வட்டம் என்றால் 120 மீட்டர். அதில் கிடைப்பதை வைத்து எந்த வீட்டில் எவ்வளவு கேட்கும் என்று பிறகு கணக்குப் போடலாம், தூரம் இரண்டு மடங்கானால் சுமார் 6 டெசிபெல் குறையும். நானும் வள்ளியூர் பக்கம் ஒரு அளவீட்டுக்கு வண்டி ஓட்டிப் போயிருக்கிறேன், மழை தூறி, மைக்கைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்குப் பக்கத்தில் காத்தாடி இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லுகிறேன். போனில் ஆப் போட்டு அளந்து அதைத் தூக்கிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குப் போகாதீர்கள். ஆடிக் காற்று போன் மைக்கிலேயே மோதி இரைகிறது, அந்த எண் எதற்கும் ஆகாது. எந்த நேரம், காற்று எந்தத் திசை, காத்தாடி ஓடியதா நின்றதா என்று ஒரு நோட்டில் தினமும் எழுதுங்கள். நின்ற இரவையும் கட்டாயம் எழுதுங்கள், அது இல்லாமல் ஒப்பிட முடியாது. மனுவோடு அந்த நோட்டைக் கொடுங்கள், முறையான கருவியோடு வந்து முற்றத்தில் அளக்கச் சொல்லிக் கேளுங்கள்.

தென்காசிப் பெண்:
நான் கல்லூரிப் புராஜெக்டுக்குப் போனபோது பார்த்தது வேறு, எந்தக் காற்று வேகத்தில் காத்தாடி எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று அளக்கிற சோதனை. காற்று வேகத்தை வினாடிக்கு அரை மீட்டர் இடைவெளியில் பெட்டி பெட்டியாகப் பிரித்து, 10 நிமிடச் சராசரிகளை அதில் போட்டு நிரப்புகிறார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் குறைந்தது 30 நிமிடத் தகவல், மொத்தம் 180 மணி நேரம் வேண்டும். கேட்க எளிது. எல்லாப் பெட்டியும் நிரம்பி, பலத்த காற்றுக்கு உரிய கடைசி இரண்டு மட்டும் காலி. புரட்டாசி பிறந்துவிட்டது. குற்றாலத்தில் சாரல் நின்றால் இங்கே மேல்காற்றும் நின்ற மாதிரிதான், இரண்டும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வருவதுதானே. சோதனையைக் கவனித்துக்கொண்டிருந்த அக்கா கம்ப்யூட்டரைப் பார்க்கவே இல்லை, வாசலில் வந்து நின்று மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். "இன்னும் ஒரு மணி நேரம் வீசினா போதும், இல்லாட்டி அடுத்த வருஷம்தான்" என்றார்கள். ஒரு வருடம்! கிடைக்காததை ஊகித்து நிரப்பிவிடலாமே என்று கூட வந்த பையன் கேட்டான். அவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே அவன் வாயை மூடிக்கொண்டான். அப்படி ஒரு நேர்மையை நான் பாடப் புத்தகத்தில் படித்ததில்லை.

கரிசல்காட்டான்:
பணகுடித் தம்பி, கணக்கை நான் மறுக்கவில்லை. குற்றவாளி என்று எங்கே எழுதினேன்? கணக்குப் போட்டால் தெரியும் என்கிறீர்களே, அந்தப் பெரியவருக்கு யார் போட்டுச் சொன்னார்கள்? அது மட்டும்தான் என் கேள்வி. நோட்டு யோசனை நல்லது, அதை எடுத்துக்கொள்கிறேன்.

மாஸ்ட்காரர் மகன்:
எங்கள் சித்தப்பா காற்று அளக்கிற கம்பத்தில் ஏறுகிறவர். காத்தாடியிலிருந்து இறக்கை வட்டத்தைப் போல இரண்டரை மடங்கு தள்ளி நிற்குமே, அது. உச்சியில் இருக்கும் கிண்ணம் வைத்த அனிமோமீட்டரை, அதாவது காற்று வேகம் அளக்கிற கருவியை, செயற்கையாகக் காற்று வீசவைக்கும் சோதனைக் கூண்டில் சரிபார்த்துத்தான் மாட்டுவார்கள். ஒரு கிண்ணம் நெளிந்தாலும் எல்லாம் போச்சு, காற்று வேகத்தில் 1 சதவீதம் பிசகினால் சக்திக் கணக்கில் 3 சதவீதம் பிசகும், வேகத்தின் மும்மடிக் கணக்கு அப்படி. ஒருநாள் பழைய கருவியைக் கழற்றி இறக்கும்போது நான் கீழே நின்றேன். திடீரென்று காற்று ஏறிவிட்டது, கம்பமே ஆடுகிறது. பையில் போட்டுக் கயிற்றில் விடுங்கள் என்று கீழேயிருந்து கத்துகிறார்கள். விட்டால் கம்பத்தில் மோதும் என்று அவருக்குத் தெரியும். சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, பெல்ட் கொக்கியை மாற்றி மாற்றிப் போட்டு, ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே வந்ததும் தண்ணீர்கூடக் கேட்கவில்லை, கிண்ணத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். இப்போது தரையிலிருந்தே லேசர் ஒளியால் காற்றை அளக்கிற கருவி வந்துவிட்டது, 2017ல் சர்வதேச விதியிலும் அதைச் சேர்த்துவிட்டார்கள். உயிர்ப்பயம் குறையும், நல்லதுதான். ஆனால் கம்பம் ஏறிப் பழகினவர்களுக்கு அந்தக் கருவி வேலையைச் சொல்லிக் கொடுக்கிற இடம் நெல்லைப் பக்கம் எங்காவது இருக்கிறதா? சித்தப்பா மகன் ஐடிஐ முடித்திருக்கிறான், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.